வெயிலுக்கு ட்யூப் கிடையாது: நிலக்காட்சி எண்ணெய் ஓவியத்தில் நிறமும் ஒளியும்

ஜவுளிக்கடையில் புடவை எடுக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பத்துப் புடவைகளில் ஒன்றைப் பொறுக்கியதும் அதைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போவார்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் மாம்பழ மஞ்சளாக இருந்தது வாசல் வெயிலில் எலுமிச்சையாக மாறியிருக்கும். "இது வேண்டாம், வேறு காட்டுங்கள்" என்று திரும்பி வருவார்கள். புடவை அதேதான். அதன் மேல் விழுந்த வெளிச்சம்தான் வேறு.

ஓவியம் கற்றுக்கொள்ள உட்காரும்போது மட்டும் இந்த ஞானம் எங்கோ போய்விடுகிறது. இலை பச்சை, வானம் நீலம், அடிமரம் பழுப்பு, நிழல் கறுப்பு என்று ஒன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பட்டியல் கைக்கு வந்துவிடுகிறது. போதாக்குறைக்குப் பேச்சு வேறு. கண்காட்சிக்குப் போனால் "நல்ல கலர் சென்ஸ்" என்பார்கள், "படத்தில் ஒளி வழிகிறது" என்பார்கள். எப்படி வழிகிறது என்று கேட்டால், அதெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும் என்று கையை விரித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. அதில் முக்கால்வாசி, கண்ணும் காற்றும் எண்ணெயும் நடந்துகொள்ளும் விதம். அதைச் சொல்லித்தர முடியும்.

மிச்சம்தான் நிறம்

நியூட்டன் 17ஆம் நூற்றாண்டில் இருட்டறைக்குள் முப்பட்டகக் கண்ணாடி வழியே வெயிலைச் செலுத்தி, வெள்ளை வெளிச்சத்துக்குள் வானவில்லின் நிறங்கள் அத்தனையும் அடங்கியிருப்பதைக் காட்டினார். ஒரு வேப்பிலை அந்த வெளிச்சத்தில் சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு, பச்சையைக் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது. நாம் பார்ப்பது அந்த மிச்சத்தை. வந்து விழும் வெளிச்சத்திலேயே ஏதாவது குறைந்தால் மிச்சமும் மாறத்தானே வேண்டும்? மாலை வெயிலில் நீலம் குறைவு. அதனால் மாலை வேப்பிலை மஞ்சள் ஓடிய பச்சையாகிறது. மழை மேகத்தின் கீழே அதே இலை சாம்பல் பூத்த பச்சை.

வண்ண ட்யூபுக்குள்ளும் இதே கதைதான். வண்ணத்துக்கு நிறம் தரும் நுண்ணிய பொடிக்கு நிறமி என்று பெயர். மஞ்சள் நிறமி நீல ஒளியை விழுங்கும். நீல நிறமி சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கும். இரண்டையும் குழைத்தால் இரண்டின் வாய்க்கும் தப்பிய பச்சை மட்டும் வெளியே வரும். ஒவ்வொரு நிறமியும் தன் பங்கை விழுங்குவதால், கலக்கக் கலக்க வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். ஐந்தாறு ட்யூபைப் பிதுக்கிக் கலக்கியவரின் தட்டில் கடைசியில் சேறு மிஞ்சுவது இதனால்தான். ஒரு கலவைக்கு இரண்டு ட்யூப், மிஞ்சினால் மூன்று, அத்துடன் தேவைக்கு வெள்ளை. அதற்கு மேல் போகாதீர்கள்.

இதுவரை சொன்னது: நிறம் என்பது பொருளும் வெளிச்சமும் சேர்ந்து போடும் கணக்கு. இலையின் நிறம் என்ன என்று கேட்பதை விட்டு, இந்த இலைக்கு இந்த நேரத்து நிறம் என்ன என்று கேட்கப் பழக வேண்டும்.

ஒரு நிறத்துக்கு மூன்று குணங்கள்

நான் முதன்முதலாக வெளியில் உட்கார்ந்து வரைந்தது ஒரு நெல்வயல். ட்யூபில் இருந்த பளிச்சென்ற பச்சையை அப்படியே எடுத்து, கை ஓயும்வரை பூசினேன். வரப்பு வழியே வந்த வயலின் சொந்தக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "பயிர் மாதிரி இல்லையே தம்பி, பச்சைப் பாய் விரித்த மாதிரி அல்லவா இருக்கிறது" என்றார். பிறகு, சூரியனைப் பார்த்து நின்றுகொண்டு பயிரைப் பார்க்கச் சொன்னார். அடுத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று எதிர்ப்பக்கத்துப் பயிரைப் பார்க்கச் சொன்னார். முதல் பக்கம் நெல் இலைகளின் ஊடே வெயில் புகுந்து வந்து, விளக்கேற்றியது போல மஞ்சள் பச்சை. மறுபக்கம் கொஞ்சம் நீலம் ஓடிய மங்கல் பச்சை. அவர் தினமும் பயிரின் முகத்தைப் பார்க்கிறவர். நான் ட்யூபின் முகத்தைப் பார்த்திருந்தேன்.

என் பிழை என்ன என்று சொல்வதற்கு மூன்று சொற்கள் தேவைப்படுகின்றன. சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்பது நிறவகை. எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதை ஓவியர்கள் டோன் என்பார்கள். அந்த நிறம் எவ்வளவு தூயது, எவ்வளவு மங்கியது என்பது செறிவு. கொட்டிய மஞ்சள்தூளும் சாம்பாரில் கரைந்த மஞ்சளும் ஒரே நிறவகைதான், செறிவுதான் வேறு. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905இல் இந்த மூன்றையும் தனித்தனியே அளந்து குறிக்கும் ஒரு முறையை வெளியிட்டார். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

என் வயலில் நிறவகை சரி. செறிவு அளவுக்கு மீறியது. டோன் முழுவதும் ஒன்றே. இயற்கையில் முழுச் செறிவு என்பது ஒரு பூவிலோ மீன்கொத்தியின் முதுகிலோதான் கிடைக்கும். மற்ற இடமெல்லாம் ஏதோ ஓர் அளவில் மங்கலானது. தொடக்கநிலையில் பச்சை ட்யூப் வாங்காமலேயே இருப்பது நல்லது என்பேன். அல்ட்ராமரின் நீலத்தையும் மஞ்சள் ஓக்கர் என்ற மங்கிய மண்மஞ்சளையும் கலந்தால் அடங்கிய பச்சை வரும். காட்மியம் மஞ்சளைச் சேர்த்தால் வெயில் பச்சை. பச்சையின் செறிவு மிஞ்சிப் போனால், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை ஒரு துளி தொட்டுக்கொண்டால் அடங்கிவிடும்.

இருபது ரூபாய்க்குள் ஆயிரம் ரூபாய்ச் சரக்கு

மூன்று குணங்களில் தலைமகன் டோன்தான். உங்கள் ஓவியத்தைப் படம் எடுத்து, செல்பேசியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். நல்ல நிலக்காட்சி அப்போதும் நிற்கும். எது முன்னே, எது பின்னே, வெயில் எங்கிருந்து என்று தெரியும். என் நெல்வயல் ஒரே சாம்பல் துணியாகத் தெரிந்தது. "கலர் சரியில்லை" என்று நாம் புலம்பும் படங்களில் பலவற்றுக்கு நோய் நிறத்தில் இல்லை, டோனில்.

இதில் ஒரு பெரிய இக்கட்டும் உண்டு. வெள்ளை வண்ணம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கறுப்பு வண்ணம் நான்கைந்து சதவீதத்தை அனுப்பும். ஆக, கேன்வாஸில் நம்மால் காட்ட முடிந்த மிகப் பெரிய வித்தியாசம் ஏறக்குறைய 20 மடங்கு. வெளியே, வெயிலில் மின்னும் ஏரித் தண்ணீருக்கும் புளியமரத்தடி இருட்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் இருக்கலாம். ஆயிரம் ரூபாய்ச் சரக்கை இருபது ரூபாய்க்குள் வாங்கி வரச் சொன்ன கதை.

வெயில் என்ற நிறம் எந்த ட்யூபிலும் இல்லை. இருக்கும் இருபது ரூபாயைப் பார்த்துச் செலவழிப்பதுதான் வழி. கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்து வெளுத்த வாசலில் போட்ட கோலம் சோகையாகத் தெரியும். அதே மாவு, தண்ணீர் தெளித்து ஈரம் காயாத வாசலில் கண்ணைப் பறிக்கும். மாவு வெளுக்கவில்லை, தரைதான் கறுத்தது. ஓவியத்தில் ஓரிடம் வெயிலாகத் தெரிய வேண்டுமானால் அதைச் சுற்றி இருப்பதை அடக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, வானத்துக்கும் வெள்ளை, தண்ணீருக்கும் வெள்ளை, இலை நுனிக்கும் வெள்ளை என்று முதல் அரை மணியிலேயே கையிருப்பைத் தீர்த்துவிடுவது. பிறகு உண்மையிலேயே பளபளக்க வேண்டிய இடத்துக்கு வந்தால் பையில் ஒன்றும் இருக்காது.

செலவுக் கணக்குக்கு ஒரு நல்ல ஆரம்ப வாய்ப்பாடு இருக்கிறது. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நிலக்காட்சி ஓவியர் ஜான் கார்ல்சன் மாணவர்களுக்குச் சொல்லித்தந்தது அது. வெளிச்சம் வானத்திலிருந்து வருவதால் வானமே மிக வெளிர். வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் தரை அதற்கு அடுத்தது. சாய்ந்து நிற்கும் மலைச்சரிவு மூன்றாவது. நேராக நிமிர்ந்து நிற்கும் மரம் மேலிருந்து வரும் வெளிச்சத்தைக் குறைவாகவே வாங்குவதால் எல்லாவற்றிலும் அடர். மாலைச் சூரியன் பக்கவாட்டில் அடிக்கும்போதும், பனி மூடிய நிலத்திலும் இது மாறும். இருந்தாலும் முதல் பத்துப் படங்களுக்கு இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

டோனைப் பார்க்க ஒரு கருவியும் வாங்க வேண்டாம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு காட்சியைப் பாருங்கள். இலை, கிளை, கூழாங்கல் எல்லாம் மறைந்து, நான்கைந்து பெரிய வெளிர்-அடர் திட்டுகள் மட்டும் மிஞ்சும். முதலில் அந்தத் திட்டுகளைப் பூசுங்கள். இலைகளுக்கு அவசரமில்லை.

நிழலுக்குள்ளும் வெளிச்சம் உண்டு

நிழலைக் கறுப்பால் பூசுவது ஏன் தவறு? நிழலில் சூரியன்தான் மறைந்திருக்கிறது, வானம் மறையவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து நாம் பேப்பர் படிக்கிறோம் என்றால் அங்கே வெளிச்சம் இருக்கிறது என்றுதானே பொருள்? அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி நீல வானத்திலிருந்து வருகிறது. அதனால் தெளிந்த நாளில் திறந்தவெளி நிழல் நீலம் தோய்ந்திருக்கும்.

கொடியில் காயும் வெள்ளை வேட்டியைக் காலை எட்டு மணிக்குப் பாருங்கள். வெயில் படும் இடம் லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. மடிப்புக்குள் பார்த்தால் வெளிர்நீலம். வேட்டியின் அடிப்பக்கம் செம்மண் தரைக்கு அருகே இருந்தால், தரையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் ஏறி அங்கே ஒரு செம்மை. ஒரே துணியில் மூன்று வெள்ளைகள். ஓவியர்கள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வகையறாவை வெப்ப நிறம் என்றும், நீலம் சார்ந்தவற்றைக் குளிர் நிறம் என்றும் சொல்வார்கள். வெயில் வெப்பமானால் நிழல் குளிரும் என்ற பழமொழி போன்ற விதி இங்கிருந்து வந்தது. மேகம் மூடிய நாளில் இது அப்படியே செல்லாது. அன்றைக்கு வெளிச்சமே குளிர்ந்தது, நிழல் ஒப்பீட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் தெரியலாம். விதியை நம்புவதைவிடக் கண்ணை நம்புங்கள்.

ஆனால் கண் ஏமாற்றும். மூளைக்கு வேட்டி வெள்ளை என்று தெரியும். அதனால் நீலத்தைப் பார்த்தும் பார்க்காதது போல் கடந்துவிடும். இதற்கு மருந்து ஒரு சாம்பல் நிற அட்டை. அதில் பஞ்ச் கருவியால் ஒரு துளை போட்டு, கையை நீட்டிப் பிடித்து, துளை வழியே நிழலின் ஒரு துண்டை மட்டும் பாருங்கள். வேட்டி, கொடி, கொல்லை என்ற விவரம் எல்லாம் மறைந்து நிறம் மட்டும் தனியாக நிற்கும். முதல்முறை இதைச் செய்கிறவர்கள் அட்டையை எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள், நம்ப முடியாமல்.

சுருக்கமாக: நிழலுக்கு ஒரு டோன் உண்டு, ஒரு நிறமும் உண்டு. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கறுப்புக்கு நெருக்கமான ஆழமான அடர்நிறம் வரும். நீலத்தைக் கூட்டினால் குளிரும், சியன்னாவைக் கூட்டினால் வெதுவெதுக்கும். கறுப்பு ட்யூபை ஆறு மாதம் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

பக்கத்து வீட்டு நிறம்

19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோபலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷெல் யூஜீன் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் அடர்த்தியாகத் தெரியவில்லை, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தார், சாயத்தில் குறையில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் நெய்திருந்தார்கள். அந்த அக்கம்பக்கம்தான் கறுப்பைச் சோகையாக்கியது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிரான திசையில் தள்ளும் என்று அவர் கண்டறிந்து 1839இல் நூலாக வெளியிட்டார். பின்னால் வந்த பிரெஞ்சு ஓவியர்கள் பலருக்கு இந்தக் கருத்து நேரடியாகவும் சுற்றிவளைத்தும் போய்ச் சேர்ந்தது. மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை வைக்கும் காஞ்சிபுரத்துக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிரான திசை என்றால் என்ன? கலந்தால் ஒன்றையொன்று அழித்துச் சாம்பல் ஆகிவிடும் இணைகளை நிரப்பு நிறங்கள் என்பார்கள்: சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா. வெள்ளைத் துணி பழுத்தால் கடைசி அலசலில் நீலம் போடுகிறோமே, அது இந்த வேலைதான். பழுப்பேறிய மஞ்சளை ஊதா ஓடிய அந்த நீலம் அடித்துவிடுகிறது. அதற்குப் பயன்பட்ட நீலப்பொடியே அல்ட்ராமரின்தான். ஓவியரின் ட்யூபில் இருப்பதற்கு அது ஒன்றுவிட்ட சகோதரன்.

இந்த இணைகளைக் கலந்தால் அழியும், அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூண்டிவிடும். இதை நிரூபிக்கும் படம் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1872இல் லெ ஆவ்ர் துறைமுகத்தில் வரைந்த சூரியோதயம். சாம்பல் நீல மூடுபனிக்கு நடுவே ஒரு சிறிய ஆரஞ்சு வட்டம். தகதகவென்று துடிக்கிறது. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் சூரியனே ஏறக்குறையக் காணாமல் போய்விடும்! சூரியனின் டோனும் அதைச் சுற்றியுள்ள வானத்தின் டோனும் கிட்டத்தட்ட ஒன்று. டோன்தான் தலைமகன் என்று மேலே சொன்னவன் இப்போது அதற்கு மாறாகப் பேசுகிறேனே என்று கேட்பீர்கள். விதியைத் தெரிந்தவர் ஒரே ஓர் இடத்தில் அதை மீறினார். மற்ற படகும் அலையும் டோனுக்குக் கட்டுப்பட்டே இருக்கின்றன.

தூரத்து மலை ஏன் நீலம்?

நீலகிரிக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் குறிஞ்சிப் பூவைக் காரணம் சொல்வார்கள். பூக்காத ஆண்டுகளிலும் மேட்டுப்பாளையத்திலிருந்து பார்த்தால் அது நீலகிரிதான். காற்றில் உள்ள மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. நீலம் இப்படிக் கூடுதலாகச் சிதறுவதே வானம் நீலமாக இருப்பதற்கும் காரணம் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1871இல் விளக்கினார். நமக்கும் மலைக்கும் நடுவே பல கிலோமீட்டர் காற்று இருக்கிறது. அந்தக் காற்று வெயிலில் சிதறிய நீலத்தை மலையின் மேல் ஒரு மெல்லிய திரையாகப் போர்த்துகிறது. தூரத்தில் இருப்பது நீலமாகும் என்பதை லியோனார்டோ டா வின்சி அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் முன்பே கண்ணால் பார்த்து எழுதி வைத்துவிட்டார். காரணம் பிறகுதான் வந்தது.

கேன்வாஸில் இதன் விளைவுகள்: தூரம் போகப் போக அடர்நிறங்கள் வெளிறும், செறிவு குறையும், நீலம் ஏறும், விளிம்புகள் மழுங்கும். தூரத்து மரங்களின் பச்சையில் வானத்துக்குக் கலந்த நிறத்தையே கொஞ்சம் சேர்த்தால் அவை பின்னே போய் நின்றுகொள்ளும். பலருக்குத் தெரியாத இன்னொரு பாதியும் உண்டு. அடர்ந்த பொருள்தான் தூரத்தில் நீலமாகும். வெள்ளைப் பொருள் அதற்கு நேர்மாறு. தொலைவிலுள்ள வெண்மேகத்திலிருந்து நம்மிடம் வரும் ஒளி, வழியில் நீலத்தைச் சிதறக் கொடுத்துவிட்டு வருகிறது. அதனால் அடிவானத்து மேகங்கள் லேசான மஞ்சளோ ரோஜாவோ பூசியிருக்கும். மறையும் சூரியன் சிவப்பதும் இதே கணக்குத்தான்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈரமும் தூசியும் நிறைந்த காற்றில் துகள்கள் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிக்கும். அங்கே தூரம் நீலமாகாமல் பாலாக வெளுக்கும். புத்தகத்தில் படித்தேன் என்று சென்னையின் மூடுபனியை ஊட்டி நீலத்தில் வரையாதீர்கள்.

வானமும் ஒரே நீலம் கிடையாது. தலைக்கு மேல் ஆழம், அடிவானத்தை நோக்கி இறங்க இறங்க வெளிர். இதை மட்டும் செய்தாலே படத்துக்குள் பாதித் தூரம் நடந்துவிட்டீர்கள்.

கடிகாரத்தோடு ஓட்டம்

வெளிச்சம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்றால், வெளிச்சம் நகரும்போது படமும் நகர்கிறது. ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட்டில் உட்கார்ந்து மேகங்களை எண்ணெய் வண்ணத்தில் குறிப்பெடுத்தார். பல படங்களின் பின்புறம் தேதி, மணி, காற்றின் திசை எல்லாம் எழுதி வைத்தார். வானிலை ஆய்வாளரின் பதிவேடு போல இருக்கும்.

மோனே இன்னும் ஒரு படி போனார். பிரான்ஸில் ஜிவர்னி என்ற கிராமத்தில் தன் வீட்டுக்கு அருகே நின்ற கோதுமைப் போர்களை 1890இன் கோடைக் கடைசியில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை சுமார் 25 கேன்வாஸ்களில் வரைந்தார். வைக்கோற்போர் என்று நாம் சொன்னாலும் அவை கதிர் அடிக்காத கோதுமைக் கட்டுகள். வெளிச்சம் மாறினால் கையில் இருந்த கேன்வாஸை வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்துக்கு உரிய கேன்வாஸை எடுப்பார். 1891 மே மாதம் பாரிஸில் அவற்றில் 15 படங்களை ஒன்றாக மாட்டினார்கள். போர் ஒன்றுதான். ஒன்றில் அதன் நிழல் பனித்தரையில் நீலமாக நீள்கிறது. இன்னொன்றில் போரின் இருண்ட பக்கத்துக்குள் செம்மையும் ஊதாவும் புகைகின்றன. நான் பார்த்த பிரதிகளில் கறுப்பென்று சொல்லத்தக்க ஒரு திட்டு கண்ணில் படவில்லை.

நமக்கு அந்த ஓட்டம் இன்னும் கடினம். ஜிவர்னி ஏறக்குறைய 49 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கே சூரியன் சாய்வாக இறங்கும். சென்னை 13 டிகிரி. இங்கே கிட்டத்தட்ட நேராக விழும். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாதத்து நாளில், அடிவானத்துக்கு ஆறு டிகிரி மேலிருக்கும் சூரியன் தரையைத் தொட அங்கே சுமார் 37 நிமிடங்கள் ஆகும், இங்கே சுமார் 25. ஐரோப்பியர் எழுதிய ஓவியப் பாடங்களில் வரும் நீண்ட பொன்மாலை நமக்கு வாய்ப்பதில்லை. அதனால் நான் நாலரை மணிக்கே போய் உட்கார்ந்து, மரத்தையும் கரையையும் வரைந்து முடித்து, மாலை வெளிச்சத்துக்கு வேண்டிய கலவைகளைத் தட்டில் தயாராகக் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். வெளிச்சம் வந்ததும் பரிமாற வேண்டியதுதான் பாக்கி.

எண்ணெய் எதற்கு?

நனைந்த வாசல் ஏன் கறுக்கிறது என்று யோசித்ததுண்டா? காய்ந்த மண்ணில் ஒளி மேற்பரப்பிலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. தண்ணீர் இடைவெளிகளை நிரப்பினால் ஒளி உள்ளே போய் அதிகம் உறிஞ்சப்படுகிறது. நிறமிப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தாலும் இதுவே நடக்கிறது. எண்ணெய் ஓவியத்தின் நிறங்களுக்கு இருக்கும் ஆழம், காயாத ஈரத்தின் ஆழம்.

அந்த எண்ணெய் தண்ணீர் போல ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு மெல்ல இறுகுகிறது. நாட்கணக்கில் ஈரமாக இருப்பதால் வானத்தின் மேல்நீலத்தையும் கீழ்வெளிரையும் கேன்வாஸிலேயே இழைத்துவிடலாம். அதே ஈரம்தான் எமனும். அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறத்தை நாலு முறை தேய்த்தால் சேறு. ஒரு தீற்று, தூரிகையைத் துடை, அடுத்த தீற்று.

நிழலை மெல்லியதாகவும், வெயில் படும் இடத்தைத் தடிப்பாகவும் பூசுவது பழைய பழக்கம். தடித்த வண்ணத்தின் முகடுகளில் அறை வெளிச்சமே பட்டுத் தெறித்து, நம் இருபது ரூபாய்க்கு மேல் ஒரு சில்லறையைக் கூட்டித் தரும். முதல் அடுக்குக்கு டர்பன்டைன் என்ற கரைப்பானைக் கலந்து மெலிதாகவும், மேல் அடுக்குகளுக்கு எண்ணெய் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செய்தால் மேற்பரப்பு முதலில் இறுகி, அடியில் இருப்பது பிறகு அசைந்து, நாளடைவில் வெடிப்பு விழலாம். டர்பன்டைன் வாடை தலைக்கு ஏறும், காற்றோட்டம் வேண்டும். காட்மியம் வண்ணம் பட்ட கையோடு முறுக்கு தின்னாதீர்கள்.

வெள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சம் காட்ட வெள்ளையை மட்டும் சேர்த்தால் நிறம் சுண்ணாம்படித்தது போல வெளிறிக் குளிர்ந்துவிடும். சிவப்பு ஓட்டில் வெயில் பட்டால் அது ரோஸ் ஆவதில்லை, ஆரஞ்சை நோக்கிப் போகிறது. வெள்ளையோடு கொஞ்சம் மஞ்சளையும் தொட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மாதத்துக்கு

டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், காட்மியம் மஞ்சள், பர்ன்ட் சியன்னா, அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு, அல்ட்ராமரின் நீலம். ஆறு ட்யூப் போதும். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபுக்குக் காப்புரிமை பெறும்வரை, வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களை நினைத்தால் நமக்குப் புகார் சொல்ல வாயே வராது.

உள்ளங்கை அளவு அட்டைகள் பத்து வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே மரத்தைக் காலை, நண்பகல், மாலை என்று வரையுங்கள், அட்டைக்கு இருபது நிமிடம். இலை வரையக் கூடாது. திட்டுகள் மட்டும்.

நான் இப்படி ஓர் ஏரிக்கரையில் வரைந்துகொண்டிருந்த காலையில், கருவேல மரத்தின் நிழலுக்குள் ஒரு கொக்கு வந்து நின்றது. கை தானாக வெள்ளையிடம் போயிற்று. சந்தேகம் வந்து, துளை போட்ட அட்டையை எடுத்து முதலில் கொக்கைப் பார்த்தேன், பிறகு அதற்குப் பின்னால் வெயிலில் கிடந்த மண்பாதையைப் பார்த்தேன். பாதைதான் வெளிர். கணக்குப் போட்டால் புரியும்: திறந்த வெயிலில் விழும் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதில் கால்வாசியை மண் திருப்பினாலும் 25,000. நிழலில் விழுவது 15,000 என்று வைத்தால், கொக்கு அதில் 80 சதவீதத்தைத் திருப்பினாலும் 12,000தான். நீலமும் சியன்னாவும் கலந்த சாம்பலில் வெள்ளையைக் கொஞ்சம் சேர்த்து, ஒரே தீற்றில் கொக்கை வைத்தேன். தட்டில் பார்த்தபோது அது அழுக்குத் துணியின் நிறம். படத்தில் அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் வெள்ளைக் கொக்கு என்றே சொன்னார்கள்.